முப்பத்தொன்றாம் கேள்வி

அன்றைக்கு எனக்குக் கூலி நாற்பதாயிரம் சாட்,
மதியச் சோறு தனி.
ரங்கூனிலிருந்து வேன் வந்தது.
பெகு தாண்டி, ரயில் கேட் தாண்டி,
ஆவணி மழை வடியாத வயல்களைத் தாண்டி
பயாஜியில் இறங்கும்போது
பணம் போட்ட நாட்டிலிருந்து வந்த அம்மையார் கேட்டார்:
இங்கே தமிழ் பேசுவார்களா?
பேசுவார்கள் என்றேன்,
கடன் மட்டும் பர்மியத்தில்.

கூட்டம் ஜைத்தூன் பீவி வீட்டுத் தகரத்தின் கீழே.
ஐந்து பேர் ஒரு குழு,
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும்.
அன்று நான்கு பேர்தான் இருந்தார்கள்.
ஐந்தாமவள் சூடாமணி
தண்ணீர்ப் பண்டிகை கழிந்த பத்தாம் நாள்
காய்ச்சலில் போய்விட்டாள்.
பாயில் அவள் இடத்தை விட்டு
நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மையார் மடியில் டேப்லெட்.
நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்:
ஆம். இல்லை. தெரியாது.
வட்டி எவ்வளவென்று சொன்னார்களா?
ஆம்.
கையெழுத்து உங்களுடையதுதானா?
ஆம்.
மரியாதையாக நடத்துகிறார்களா?
வாசலில் வசூல்காரன் கோ ஸேயா
ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றான்.
ஆம்.

முப்பத்தொன்று:
புகார் சொல்ல வழி தெரியுமா?

அதுவரை பர்மியத்தில் பதில் சொன்ன பொன்னுருவி
சட்டென்று தமிழுக்கு மாறினாள்.
வாசலுக்குக் கேட்கட்டும், புரியவேண்டாம்.

"பெட்டி இருக்கு. ஆபீஸ்ல ஆணியில தொங்குது.
சாவி அந்தத் தம்பி இடுப்புல.
ஆள் செத்தா கடனும் செத்துதுன்னு சொல்லி
நூத்துக்கு ஒண்ணு பிடிச்சாங்க, நலநிதியாம்,
அஞ்சு வருசமாப் பிடிச்சாங்க.
சூடாமணி செத்துட்டா. கடன் சாகலை.
எட்டுத் தவணை நாங்க நாலு பேரும் கட்டியாச்சு.
பீவி ஆட்டை வித்தா.
மா கின் ஏ காதுல கிடந்ததை வித்தா.
எங்கள்ல ஒருத்தி தப்பினா நாலு பேரைப் பிடிக்கிறீங்க.
உங்கள்ல ஒருத்தர் தப்பினா
நாங்க எந்த நாலு பேரைப் பிடிக்க?
இதை அப்படியே சொல்லு கண்ணு."

எனக்கு மூன்று மொழி தெரியும்.
அடுத்த மாதம் தட்டோனில் இன்னும் ஆறு நாள் வேலை,
கோ ஸேயாவின் மேனேஜர் சொல்லி வந்தது.
ஹெல்மெட் என் பக்கம் திரும்பியது.
ஆங்கிலத்தில் சொன்னேன்:
பெட்டி இருப்பது இவருக்குத் தெரியும்.
தோழி இறந்த துக்கத்தில் இருக்கிறார்.

ஒரு சொல்லும் பொய் இல்லை.

அம்மையார் நெஞ்சில் கை வைத்தார்.
நிஜமாகவே கண் கலங்கினார், அதையும் சொல்லவேண்டும்.
துக்கத்துக்குக் கட்டம் கிடையாது.
ஆம் என்பதில் விரல் வைத்தார்.
பச்சையானது.

மதியச் சோற்றுக்கு மாங்காய் ஊறுகாய் பரிமாறினாள் பொன்னுருவி.
எல்லோருக்கும் ஒரு கரண்டி,
எனக்கு இரண்டு.
சொல்லிவிட்டேன் என்று நம்பினாள்.
தின்றேன்.

நேற்று அறிக்கை வந்திருக்கிறது,
பர்மியத்தில் ஆக்கித் தரவேண்டும், பக்கத்துக்கு இவ்வளவென்று.
பதினேழாம் பக்கத்தில் ஒரு வட்டம்,
முக்கால்வாசிக்கு மேல் பச்சை:
புகார் வழி அறிந்தோர்.
அந்தப் பச்சையில் ஒரு கீற்று நான்.

பக்கத்தின் அடியில், சின்ன எழுத்தில்,
மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று போட்டு எழுதினேன்:
இங்கே ஒரு பதில் விடுபட்டிருக்கிறது.
விட்டது நான்.
பிறகு ஆணியை எழுதினேன், சாவியை, இடுப்பை,
நூற்றுக்கு ஒன்றை, எட்டுத் தவணையை,
ஆட்டை, காதில் கிடந்ததை.
எந்த நாலு பேர் என்ற இடத்தில்
ஆங்கிலம் இரண்டு தடவை மாற்றினேன்,
அவள் கேட்டதுபோல் கேட்கவில்லை.
தமிழிலேயே விட்டுவிட்டேன்,
பக்கத்தில் என் பெயரும்.
யாரையாவது பிடிக்கவேண்டுமானால்
முதல் ஆளாக என்னைப் பிடிக்கலாம்.

இன்னும் அனுப்பவில்லை.
கரண்ட் போய்விட்டது.
பாட்டரி பதினொன்று காட்டுகிறது.
பத்து.